புளியந்தோப்பில் வாங்கிய வீடு: கட்டடத்தோடு தெருவையும் சேர்த்து ஒரு மதிப்புரை

பெரம்பூர் பேரக்ஸ் சாலைக்கும் புளியந்தோப்பு நெடுஞ்சாலைக்கும் இடைப்பட்ட பகுதியில், முப்பதடி அகலமுள்ள ஒரு தெருவில், வண்டி நிறுத்தும் தரைத்தளத்துக்கு மேல் ஐந்து மாடிகளாக எழுந்திருக்கும் ஓர் அடுக்ககத்தில் நானும் என் கணவரும் சென்ற ஆண்டு இரண்டு படுக்கையறை வீடு ஒன்றை வாங்கிக் குடியேறினோம். வட சென்னையில் வீடு வாங்கலாமா என்று உறவினர்களும் அலுவலக நண்பர்களும் தொடர்ந்து கேட்டுவருவதால், கட்டடத்தின் தரம், ஆவணங்கள், தண்ணீர், மழைக்காலம், அக்கம்பக்கம் ஆகியவற்றைப் பற்றி ஒரே இடத்தில் விரிவாக எழுதிவைக்க விரும்புகிறேன். பில்டரின் பெயரை இங்கே குறிப்பிடவில்லை. நான் சொல்லப்போகும் குறைகளில் பெரும்பாலானவை அவர் ஒருவருக்கு உரியவை அல்ல. இந்தப் பகுதியில் இப்போது பழைய மனைகளை வாங்கி அடுக்ககம் கட்டி விற்கும் எல்லோருக்கும் பொதுவானவை.

முதலில் விலை. எங்கள் வீடு பொதுப் பகுதிகளையும் சேர்த்து 870 சதுர அடி. உள்ளே நடமாடக் கிடைக்கும் கார்பெட் ஏரியா 640 சதுர அடி. சதுர அடி 7,500 ரூபாய் வீதம் 65 லட்சத்தைச் சற்றுத் தாண்டியது. இதே பணத்துக்கு அண்ணா நகரில் ஒரு படுக்கையறை வீடு கிடைப்பதே அரிது. வில்லிவாக்கத்தில் நீண்டகாலமாக வாடகைக்கு இருந்த எங்களுக்கு, எழும்பூரில் இருக்கும் என் அலுவலகத்துக்கு அரை மணி நேரத்துக்குள் போய்ச் சேரக்கூடிய தொலைவில், வங்கிக் கடனுக்குள் அடங்கும் விலையில் கிடைத்த இடம் இதுதான். 2023 டிசம்பர் முதல் தமிழ்நாட்டில் புதிய அடுக்கக வீடுகளை நிலத்துக்கும் கட்டடத்துக்கும் சேர்த்த கூட்டு மதிப்பில் பதிவு செய்கிறார்கள். 50 லட்சம் வரை முத்திரைத் தீர்வை 4 விழுக்காடு, அதற்கு மேல் 3 கோடி வரை 5 விழுக்காடு. பதிவுக் கட்டணம் இரண்டுக்கும் 2 விழுக்காடு. ஆகவே 65 லட்சத்துக்கு வாங்குபவர் மேலும் நாலரை லட்சத்துக்கு மேல் கையில் வைத்திருக்க வேண்டும். நிறைவுச் சான்று கிடைத்த பின்னரே நாங்கள் வாங்கியதால் ஜிஎஸ்டி கட்ட வேண்டியிருக்கவில்லை. அவசரம் இல்லாதவர்கள் இதற்காகக் காத்திருப்பது நல்லது.

கட்டடத்தைப் பற்றிப் பெரிதாகக் குறை சொல்ல எதுவும் இல்லை. கிழக்கிலும் தெற்கிலும் சன்னல்கள் இருப்பதால் பகலில் விளக்குப் போடத் தேவையில்லை. சமையலறையை ஒட்டித் துணி துவைக்கவும் பாத்திரம் கழுவவும் தனியிடம் விட்டிருக்கிறார்கள். நம் வீடுகளின் புழக்கம் தெரிந்த ஒருவர்தான் வரைபடம் போட்டிருக்கிறார் என்பது அதிலிருந்தே புரிந்தது. சுவர்ப் பூச்சை நான் மிகக் கவனமாகப் பார்த்தேன். இங்கிருந்து நடந்து போகும் தூரத்தில் உள்ள கே.பி. பார்க் அரசுக் குடியிருப்பில், புதிதாகக் கட்டி ஒதுக்கிய வீடுகளில் கைபட்டாலே பூச்சு உதிர்ந்தது 2021-இல் மாநிலம் முழுவதும் பேசப்பட்டதும், அதன் பிறகு சென்னை ஐஐடி அந்தக் கட்டடத்தை ஆய்வு செய்ததும் பலருக்கு நினைவிருக்கும். எங்கள் சுவரில் ஆணி அடித்தாலும் பூச்சு பிளக்கவில்லை. ஒரே வட்டாரத்தில், பணம் கொடுத்து வாங்கும் எங்களுக்கு உறுதியான சுவரும் ஒதுக்கீட்டில் பெறும் அவர்களுக்கு உதிரும் சுவரும் வாய்த்தது எனக்கு இன்றும் வலிக்கிறது. குறை என்று எழுத வேண்டுமானால், மாடிப்படி குறுகலானது. பீரோவையும் கட்டிலையும் கயிறு கட்டி வெளிப்புறமாகத்தான் ஏற்றினார்கள். ஒலித் தடுப்பு போதாது. இரண்டையும் பொறுத்துக்கொள்ளலாம்.

ஆவணங்களைப் பற்றித்தான் இந்த மதிப்புரையில் அதிகம் எழுத வேண்டியிருக்கிறது. எட்டு வீடுகளுக்கு மேல் உள்ள திட்டம் என்பதால் இது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவானது. பதிவு எண்ணைக் கொண்டு வரைபடத்தையும் அனுமதியையும் சரிபார்த்துக்கொண்டோம். எங்கள் பங்குக்கு வரும் பிரிபடாத நிலம், அதாவது யூ.டி.எஸ்., 390 சதுர அடி. பதினைந்து வீடுகளுக்கும் கூட்டிப் பார்த்தால் மனையின் அளவுடன் பொருந்துகிறது. இதைக் கூட்டிப் பார்க்காமல் யாரும் கையெழுத்திடக் கூடாது. முப்பது ஆண்டு வில்லங்கச் சான்று, மூலப் பத்திரம், பட்டா எல்லாவற்றையும் வழக்கறிஞர் ஒருவர் படித்து, வில்லங்கம் எதுவும் இல்லை என்று எழுத்தில் கருத்துரை கொடுத்தார். வங்கியும் அதை ஏற்றுக் கடன் கொடுத்தது.

வட சென்னையின் பழைய மனைகளில் கூடுதலாக ஒன்றைப் பார்க்க வேண்டும் என்று அந்த வழக்கறிஞர் சொல்லிக்கொடுத்தார். இங்கே நிலம் ஒருவருக்கும் அதன் மேல் கட்டிய வீடு குடியிருப்பவருக்கும் சொந்தமாக இருக்கும் அடிமனை வாடகை முறை பரவலாக இருந்தது. அப்படிச் சொந்தச் செலவில் வீடு கட்டிக்கொண்டவரை நில உடைமையாளர் நினைத்தபோது வெளியேற்றிவிடாதபடி, அந்த நிலத்தையே விலை கொடுத்து வாங்கிக்கொள்ளவும் உரிமை கோரும்படி, 1921-ஆம் ஆண்டின் நகரக் குடிவாரதாரர் பாதுகாப்புச் சட்டம் இருந்துவருகிறது. அத்தகைய கோரிக்கை நிலுவையில் உள்ள மனையில் அடுக்ககம் வாங்கினால் வழக்கு நம்மையும் தொடரும். எங்கள் மனையில் அப்படி ஒன்றும் இல்லை.

ஆனால் அந்த மனையில் மனிதர்கள் இருந்தார்கள். மூலப் பத்திரத்தின் சொத்து விவரத்தில் ‘ஓட்டு வீடுகளும் கிணறும் பொதுக் கழிப்பறையும் அடங்கிய மனை’ என்ற பொருளில் ஒரு வரி இருந்தது. குடிவந்த பிறகு தெருவில் விசாரித்தபோதுதான் அதன் முழுப் பொருள் தெரிந்தது. இரண்டரை கிரவுண்டுக்குச் சற்றுக் குறைவான அந்த நிலத்தில், நடுவே முற்றமும் இரு பக்கமும் ஒற்றை அறைகளுமாக, இந்தப் பகுதி மக்கள் ‘ஸ்டோர்’ என்று அழைக்கும் ஒண்டுக்குடித்தன வரிசை இருந்திருக்கிறது. பதினொரு குடும்பங்கள். அவற்றில் சில இரண்டு தலைமுறையாக அங்கேயே இருந்தவை. உடைமையாளரின் பிள்ளைகள் பாகம் பிரித்துக்கொண்டபோது மனையை விற்க முடிவாகி, கொடுத்த முன்பணத்தோடு ஒரு தொகையும் சேர்த்துக் கொடுத்துக் குடும்பங்களைக் காலி செய்ய வைத்திருக்கிறார்கள். மிரட்டல் எதுவும் நடக்கவில்லை என்று தெருவில் எல்லோரும் சொல்கிறார்கள்; அதை நம்புகிறேன். அவர்களில் சிலர் மணலிக்கும் சிலர் மீஞ்சூருக்கும் போய்விட்டார்கள். புரசைவாக்கத்தில் சமையல் வேலை செய்யும் ஒரு பெண்மணி இப்போது மணலியிலிருந்து இரண்டு பேருந்து மாறி வருகிறார். முன்பு நடந்தே போய் வந்தவர்.

வில்லங்கச் சான்றில் அடமானம் வரும், விற்பனை வரும், பாகப்பிரிவினை வரும். ஐம்பது ஆண்டு வாடகை கொடுத்த குடும்பத்தின் பெயர் எந்தப் பக்கத்திலும் வராது. 1960-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை நீக்கிவிட்டு, 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம் வாடகை ஒப்பந்தத்தை எழுத்தில் செய்து வாடகை ஆணையத்தில் பதிவு செய்யச் சொல்கிறது. வேறு உடன்பாடு இல்லாவிட்டால் முன்பணம் மூன்று மாத வாடகையைத் தாண்டக் கூடாது என்ற நல்ல விதியும் அதில் உண்டு. ஆனால் வாய்வார்த்தையில் குடிவந்து, மாதம் பிறந்ததும் கையில் பணத்தைக் கொடுத்துவிட்டு, ரசீதுகூட வாங்காமல் வாழ்ந்தவர்களிடம் காட்டுவதற்குத் தாள் எதுவும் இருப்பதில்லை. அடிமனையில் சொந்தமாகச் சுவர் எழுப்பியவனுக்குச் சட்டம் கொடுத்த இடம், சுவர் எழுப்ப வழியில்லாமல் ஸ்டோரில் குடியிருந்தவனுக்குக் கிடைக்கவில்லை. வழக்கறிஞரின் கருத்துரை சட்டப்படி முழுமையானது, சரியானது. அதில் எழுதாமல் விட்டதையும் வாங்குபவர் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதே என் கருத்து. அதனால்தான் ஒரு வீட்டின் மதிப்புரையில் இதை இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

இந்த நிலத்தின் விலை ஏன் இவ்வளவு நாள் தாழ்ந்திருந்தது, ஏன் இப்போது ஏறுகிறது என்பதைப் புரிந்துகொள்ளக் கொஞ்சம் பின்னோக்கிப் போக வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசிக் கால்பகுதியில் பின்னி நிறுவனத்தின் பக்கிங்ஹாம் ஆலையும் கர்நாடிக் ஆலையும் இங்கே வந்தன. அவற்றைச் சுற்றித்தான் புளியந்தோப்பும் பட்டாளமும் ஓட்டேரியும் தொழிலாளர் பகுதிகளாக வளர்ந்தன. இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் என்று குறிப்பிடப்படும் சென்னைத் தொழிலாளர் சங்கம், 1918 ஏப்ரல் 27-ஆம் நாள், இந்த ஆலைத் தொழிலாளர்களைக் கொண்டு தொடங்கப்பட்டது. பி.பி. வாடியா தலைவர், திரு.வி.க. முன்னின்று உழைத்தார். 1921-இல் மாதக்கணக்கில் நீண்ட வேலைநிறுத்தத்தில் சாதி குறுக்கே புகுந்து, புளியந்தோப்பில் ஆதிதிராவிடர்களின் குடிசைகள் கொளுத்தப்பட்டன. துப்பாக்கிச் சூடும் நடந்தது. பெரம்பூரின் ரயில் பணிமனைகளும், 1955-இல் தொடங்கிய ஒருங்கிணைந்த ரயில்பெட்டித் தொழிற்சாலையும் இன்னும் பல்லாயிரம் தொழிலாளர்களை இந்தப் பக்கம் கொண்டுவந்தன. தொண்ணூறுகளில் பின்னி ஆலை மூடப்பட்டது. சில காலம் அதன் வெற்றுக் கூடங்கள் சினிமாச் சண்டைக் காட்சிகளுக்குப் பயன்பட்டன. இன்று அந்த ஆலை நிலத்தில் வானுயரக் குடியிருப்புகள் நிற்கின்றன. எங்களுடையதைப் போன்ற சிறு அடுக்ககங்கள் அதன் நிழலில் ஒவ்வொரு தெருவாக வந்துகொண்டிருக்கின்றன.

அதோடு மெட்ரோவும் வருகிறது. இரண்டாம் கட்டத்தின் மூன்றாவது வழித்தடம் மாதவரத்திலிருந்து பெரம்பூர், அயனாவரம், ஓட்டேரி, பட்டாளம், புரசைவாக்கம் வழியாகச் சிறுசேரி சிப்காட் வரை 45 கிலோமீட்டர் நீளம் போகிறது. நம் பகுதியில் முழுவதும் நிலத்தடிப் பாதை. வட சென்னை வளர்ச்சித் திட்டம் 2023-ஆம் ஆண்டு நிதிநிலை அறிக்கையில் 1,000 கோடி ரூபாயுடன் அறிவிக்கப்பட்டு, பிறகு பல மடங்கு விரிவாக்கப்பட்டது. எண்பது தொண்ணூறு ஆண்டுகளாகக் குறுகிய கழிவுநீர்க் குழாயையும் கலங்கிய குடிநீரையும் சகித்துக்கொண்டிருந்தவர்களுக்கு இவை எப்போதோ வந்திருக்க வேண்டியவை. ஆனால் தெரு சீராகி, விளக்கு எரிந்து, ரயில் வரப்போகும் நேரத்தில், அந்த வசதிக்காக இத்தனை காலம் மனுக் கொடுத்தவர்கள் வாடகை கட்ட முடியாமல் வெளியேறுகிறார்கள். எங்கள் தெருவில் முன்பு மூன்று லட்ச ரூபாய் லீசுக்குக் கிடைத்த ஓர் அறையும் சமையலறையும் கொண்ட வீட்டுக்கு இப்போது ஆறு லட்சம் கேட்கிறார்கள். இங்கே பல குடும்பங்கள் மாத வாடகைக்குப் பதிலாக நகையை விற்றும் சீட்டு எடுத்தும் மொத்தமாக லீசுத் தொகை கொடுத்துக் குடியிருப்பவை. ஒப்பந்தக் காலம் முடிந்து வீட்டுக்காரர் தொகையைத் திருப்பிக் கொடுக்கும்போது, அதே தொகைக்கு அதே தெருவில் வேறு வீடு இல்லை. எங்கள் அடுக்ககம் கேட்ட சதுர அடி விலையைப் பார்த்துத்தான் அக்கம்பக்கத்தவர்கள் தங்கள் வீட்டின் மதிப்பை மாற்றிக்கொண்டார்கள் என்பதைப் பலர் என்னிடம் நேரடியாகச் சொல்லியிருக்கிறார்கள்.

அப்படிச் சொன்னவர்கள் எல்லோரும் வருத்தத்தோடு சொல்லவில்லை. எங்களுக்கு மூன்று வீடு தள்ளிப் பட்டாவோடு சொந்த வீடு வைத்திருக்கும், ரயில்வே பணிமனையில் பிட்டராக இருந்து ஓய்வு பெற்ற பெரியவருக்கு மிகுந்த மகிழ்ச்சி. “அந்தக் காலத்துல புளியந்தோப்புன்னு சொன்னா பேங்குல லோன் பேப்பரே கொடுக்க மாட்டான்மா. இப்ப அவனே வந்து கதவைத் தட்டறான்” என்றார். மகளுக்கு வரன் பார்க்கும்போது முகவரியைக் கேட்டதும் பேச்சை நிறுத்திக்கொண்ட குடும்பங்களைப் பற்றியும் அவர் சொன்னார். குற்றச் செய்திகளிலும் திரைப்படங்களிலும் அடிபட்டு அடிபட்டுப் பெயர் கெட்டுப்போன ஊரில், வேலைக்குப் போகும் இளைஞன் விண்ணப்பத்தில் முகவரி எழுதத் தயங்கியது நிஜம். அந்தத் தயக்கத்துக்குள் சாதியும் இருந்தது என்பதை யாரும் மறுக்க முடியாது. அந்தப் பழி குறைவது நன்மைதான். இந்தப் பெரியவர் தன் மனையை ஒரு பில்டருடன் கூட்டு முயற்சிக்குக் கொடுத்து இரண்டு வீடுகளைப் பெறப்போகிறார். இரு பிள்ளைகளுக்கும் ஒவ்வொன்று. அவருக்கு இந்த மாற்றம் தீங்கு என்று வெளியிலிருந்து வந்த நான் சொல்வதில் நியாயம் இல்லை.

ஆக, கையில் பத்திரம் உள்ளவருக்கு ஏற்றம், இல்லாதவருக்கு வெளியேற்றம். வாரியக் குடியிருப்புகளில் பல ஆண்டு தவணை கட்டியும் விற்பனைப் பத்திரம் கைக்கு வராத குடும்பங்களும் உண்டு. அவர்கள் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறார்கள். 1970-இல் குடிசை மாற்று வாரியம் தொடங்கப்பட்டபோது, குடிசைகள் இருந்த இடத்திலேயே அடுக்குமாடி கட்டித் தருவதே முதன்மையான வழியாக இருந்தது. 2000-க்குப் பிறகு கண்ணகி நகருக்கும், அடுத்துப் பெரும்பாக்கத்துக்கும் நகரின் தென்கோடி நோக்கி ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அனுப்பப்பட்டன. துறைமுகத்திலும் மூட்டை தூக்கும் மண்டிகளிலும் வேலை பார்த்தவர்கள் இருபது முப்பது கிலோமீட்டருக்கு அப்பால் விழித்தெழுந்து அதே வேலைக்குத் திரும்பி வர வேண்டியிருந்தது. அது அரசு அனுப்பிய வழி. எங்கள் தெருவில் நடப்பது விலை அனுப்பும் வழி. இங்கே எந்தப் புல்டோசரும் வருவதில்லை, எந்தச் செய்தியாளரும் வருவதில்லை.

தண்ணீரைப் பற்றி வாங்குபவர்கள் நிச்சயம் கேட்பார்கள். குடிநீர் வாரியத்தின் இணைப்பு உண்டு. ஒருநாள் விட்டு ஒருநாள் நீர் வருகிறது. குடிப்பதற்குக் காய்ச்ச வேண்டும். மற்றப் புழக்கத்துக்கு ஆழ்துளைக் கிணறு. இந்தக் கிணற்றைப் பற்றி எனக்கு மனத்தாங்கல் உண்டு. தெருமுனையில் இருக்கும் அடிபம்பில் முன்பு ஆண்டு முழுவதும் தண்ணீர் வந்ததாகவும், இரண்டு மூன்று அடுக்ககங்கள் ஆழமாகத் துளையிட்டு மோட்டார் போட்ட பிறகு கோடையில் வெறும் காற்று வருவதாகவும் அங்கே குடம் வைப்பவர்கள் சொல்கிறார்கள். நிலத்தடி நீர் குறைய வேறு காரணங்களும் இருக்கலாம். என்றாலும், எங்கள் கட்டடத்தின் மழைநீர்ச் சேகரிப்புத் தொட்டி அனுமதிக்காகக் கட்டிய அளவிலேயே நின்றுவிட்டது. மொட்டைமாடிக் குழாய்களில் ஒன்று நேரே தெருவில் கொட்டுகிறது. அதைத் தொட்டியோடு இணைக்கும் செலவை சங்கம் ஏற்க வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். இந்தப் பகுதியில் வாங்குபவர்கள் பில்டரிடம் முதலில் கேட்க வேண்டியவற்றில் இதுவும் ஒன்று.

மழைக்காலம் இதைவிடக் கடுமையானது. ஓட்டேரி நல்லா என்ற கால்வாயும் பக்கிங்ஹாம் கால்வாயும் நிரம்பினால் தாழ்வான இந்தப் பகுதியில் தண்ணீர் தேங்குவது பல ஆண்டு வழக்கம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது பட்டாளத்திலும் புளியந்தோப்பிலும் நாள்கணக்கில் வடியாமல் நின்ற நீரின் கோட்டைப் பழைய வீடுகளின் சுவர்களில் இன்றும் காட்டுகிறார்கள். எங்கள் கட்டடத்தின் தரை தெருவிலிருந்து மூன்றடி உயரம். வீடுகள் அதற்கும் மேலே. எங்களுக்கு ஆபத்து இல்லை. ஆனால் உயர்த்தி நிரப்பிய ஒவ்வொரு மனையும் தன் மேல் நிற்க வேண்டிய நீரைப் பக்கத்து ஓட்டு வீட்டுக்கு அனுப்புகிறது. போதாததற்கு, கார் ஏறுவதற்கான சாய்தளத்தை மழைநீர் வடிகால் மூடியின் மேல் கட்டியிருந்தார்கள். மாநகராட்சிப் பணியாளர்கள் தூர்வார வந்தபோது மூடியைத் திறக்க முடியாமல் திரும்பினார்கள். எதிர்வீட்டுக்காரர்கள் வந்து முறையிட்ட பிறகு சாய்தளத்தை உடைத்து இரும்புச் சட்டத்தில் மாற்றியமைத்தோம். வீடு பார்க்க வருபவர்கள் ஏப்ரலில் வராமல் நவம்பரில் வாருங்கள். வந்தால் உங்கள் வீட்டு வாசலோடு திரும்பாமல் அடுத்த வீட்டு வாசலையும் பாருங்கள்.

குடியிருப்போர் சங்கத்தைப் பற்றியும் எழுத வேண்டும், ஏனென்றால் வீட்டோடு சேர்த்து அதையும்தான் வாங்குகிறோம். பதினைந்து வீடுகளில் நான்கில் இதே பகுதியைச் சேர்ந்தவர்கள்; மற்றவர்கள் எங்களைப் போல வெளியிலிருந்து வந்தவர்கள். பராமரிப்புக் கணக்கு ஒளிவுமறைவில்லாமல் இருக்கிறது, தூய்மைப் பணியாளருக்கு உரிய நாளில் சம்பளம் போகிறது. முதல் கூட்டங்களில் ஒன்றில், மதில் ஓரத்தில் நிற்கும் இஸ்திரி வண்டியையும் காலையில் மீன் விற்கும் அம்மாவையும் அகற்றச் சொல்லி மாநகராட்சிக்கு மனுக் கொடுக்கலாம் என்று ஒரு தீர்மானம் வந்தது. இஸ்திரி போடுபவர் இடிக்கப்பட்ட அதே ஸ்டோரில் குடியிருந்தவர். வீடு போன பிறகும் தொழிலை விட மனமில்லாமல் கொடுங்கையூரிலிருந்து மிதிவண்டியில் வருகிறார். நாங்கள் குடிவந்த புதிதில் துணி வாங்க வந்தவர், “நல்லா இருங்கக்கா. வண்டியை மட்டும் எடுக்கச் சொல்லிடாதீங்க” என்றுதான் பேச்சைத் தொடங்கினார். அந்தத் தீர்மானத்தை நானும் இன்னும் சிலரும் எதிர்த்தோம், அது நிறைவேறவில்லை. மீன்கார அம்மா கழிவைத் தெருவில் விடாமல் வாளியில் எடுத்துப் போக ஒப்புக்கொண்டார். அவருக்குச் சங்கத்தின் குழாயில் தண்ணீர் கொடுக்கிறோம். ஆடி மாதத்தில் கூழ் ஊற்றும்போது வைக்கும் ஒலிபெருக்கியும், சாவு ஊர்வலத்தின் மேளமும் அடுத்த சண்டைக்குக் காரணமாகலாம். இரவு பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்ற விதி எல்லோருக்கும் பொது. அதைத் தாண்டி, ஒரு தெரு தன் இறந்தவரை எப்படி வழியனுப்ப வேண்டும் என்று நேற்று வந்தவர்கள் தீர்மானிக்கக் கூடாது என்று உறுதியாக நினைக்கிறேன்.

இந்தத் தெருவில் வாழ்வதன் இன்பத்தை எழுதாமல் விட்டால் மதிப்புரை பொய்யாகிவிடும். காலை ஏழு மணிக்கு நாஷ்டா கடையில் இட்லியும் வடகறியும் கிடைக்கும். மாலையில் மாட்டிறைச்சி பிரியாணி, சுண்டல், சூடான போண்டா. பர்மாவிலிருந்து திரும்பிய குடும்பங்கள் குடியேறிய வியாசர்பாடிப் பக்கம் போனால் அத்தோ சாப்பிடலாம். வாழைத்தண்டு சூப்போடு அந்த நூடுல்ஸை ஒருமுறை சாப்பிட்டவர்கள் தேடி வருவார்கள். விளக்குக் கம்பத்தின் கீழே கேரம் பலகையைச் சுற்றி நிற்கும் பிள்ளைகளின் ஆட்டம் விளையாட்டாகப் பார்க்கத் தக்கதல்ல. வட சென்னையின் கேரம் வீராங்கனை காசிமா 2024-இல் உலகப் பட்டம் வென்று வந்தது இப்படிப்பட்ட பலகைகளின் நடுவிலிருந்துதான். என் கணவருக்கு இரவில் திடீரென்று மூச்சுத் திணறியபோது ஆட்டோ ஓட்டும் எதிர்வீட்டுத் தம்பி அவரைத் தூக்கி வண்டியில் ஏற்றி மருத்துவமனையில் சேர்த்தார்; பணம் வாங்க மறுத்துவிட்டார். முன்பு குடியிருந்த இடத்தில் பக்கத்து வீட்டுக்காரரின் பெயர்கூட எங்களுக்குத் தெரியாது. விற்பனை விளம்பரங்களில் ‘உயிர்ப்பான சுற்றுப்புறம்’ என்று எழுதுகிறார்களே, அதை உண்டாக்கியவர்கள் இவர்கள். அதன் விலை மட்டும் இவர்களுக்குப் போய்ச் சேர்வதில்லை. எங்கள் தெருவில் ஒரு கடை காலியாகி, அங்கே குளிரூட்டிய காபிக் கடை வரப்போவதாகச் சொல்கிறார்கள். அதற்கு முன்பு அங்கே இருந்தவர் புத்தகம் கட்டும் தொழிலாளி.

பரிந்துரைக்கிறேனா என்று கேட்டால், கட்டடத்தையும் ஆவணங்களையும் விலையையும் வைத்துப் பரிந்துரைக்கிறேன். முதல் முறையாக வீடு வாங்கும் நடுத்தரக் குடும்பத்துக்கு நகரின் மையத்துக்கு இவ்வளவு அருகில் இந்தத் தரத்தில் வேறு இடம் அமைவது கடினம். குடியிருக்காமல், மெட்ரோ வந்ததும் விற்று லாபம் பார்க்க வாங்குபவர்கள் இங்கே வர வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். பூட்டிக் கிடக்கும் வீடு தெருவின் விலையை மட்டும் ஏற்றும்; கடைக்கும் பள்ளிக்கும் அக்கம்பக்கத்துக்கும் எதுவும் தராது. அமைதியையும் மதிலுக்குள் அடங்கிய வாழ்க்கையையும் எதிர்பார்ப்பவர்களுக்கும் இது ஏற்ற இடம் அல்ல.

எங்கள் பில்டர் பின்தெருவில் இன்னொரு ஸ்டோரை விலை பேசிவருகிறார்; அங்கே ஏழு குடும்பங்கள் இருக்கின்றன. காலி செய்யும் குடும்பங்களுக்கு ஓராண்டு வாடகைக்கு இணையான தொகையை எழுத்துப்பூர்வ உடன்படிக்கையாகவே கொடுக்க வேண்டும், பிள்ளைகளின் பள்ளி ஆண்டு முடியும்வரை அவகாசம் தர வேண்டும், தரைத்தளத்தில் இஸ்திரி, தையல் போன்ற தொழில்களுக்குக் குறைந்த வாடகையில் ஓரிடமாவது ஒதுக்க வேண்டும் என்று எங்கள் அடுக்ககத்தில் ஒன்பது வீட்டார் கையெழுத்திட்டு அவரிடம் கடிதம் கொடுத்திருக்கிறோம். முதல் இரண்டுக்கும் சம்மதம் என்கிறார். மூன்றாவதற்குச் சதுர அடி ஒன்றுக்கு 150 ரூபாய் கூடுதலாக விலை வைக்க வேண்டிவரும் என்கிறார். அங்கே முன்பதிவு செய்ய எண்ணுபவர்கள் அந்தக் கூடுதல் விலையைக் கொடுக்கத் தயார் என்று அவரிடம் எழுத்தில் தெரிவித்தால் பேச்சு முன்னேறும். விற்பனை உடன்படிக்கையில் கையெழுத்திடும் முன், அந்த ஏழு குடும்பங்களுடன் செய்துகொண்ட உடன்படிக்கையின் நகலையும் வில்லங்கச் சான்றோடு சேர்த்துக் கேட்டு வாங்குங்கள்.